கீச்சிடும் காரை விசாரிக்கும் முறை

அலுவிகாரையின் குகை விகாரைக்கும் அதை அடுத்துள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கும் ஏ-9 வீதியிலிருந்து திரும்பும் வாகனங்களில் கீச்சிடாதவை அதிருஷ்டம் செய்தவை. இலங்கையில் 2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதுவரை இருந்த கார்களே ஓடித் தேய்ந்தன. அவற்றின் ரப்பர் புஷ்கள் காய்ந்து இறுகின. சத்தம் கேட்டதும் "எங்கிருந்து வருகிறது?" என்றுதான் எல்லோரும் தேடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது "எப்போது வருகிறது?" என்பதே. இரு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் மிகச் சிறிய நேர வித்தியாசம் திசையை அறிய உதவுகிறது. மூடிய காருக்குள் ஒலி கண்ணாடியிலும் கூரையிலும் பட்டுத் திரும்புவதால் அந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது. போதாததற்கு உருக்கு வழியாக ஒலி காற்றைவிடச் சுமார் 15 மடங்கு வேகமாகப் பரவும். பின்சக்கரத்துச் சத்தம் முன்னாலிருந்து வருவதுபோலத் தோன்றவும் கூடும்.

நேரம் அப்படி ஏமாற்றாது. உரசும் இரு பரப்புகள் கணம் ஒட்டி, கணம் வழுக்கி, இதையே நொடிக்கு நூற்றுக்கணக்கில், சிலபோது ஆயிரக்கணக்கில் செய்யும்போது கீச்சொலி பிறக்கிறது. எந்தப் பாகம் எப்போது உரசுகிறதோ அப்போதுதான் அது கத்தும். கார் நிற்கும்போதே ஆக்ஸிலேட்டரோடு சத்தம் ஏறினால் சக்கரங்களை மறந்துவிட்டு பெல்ட்டைப் பாருங்கள். பள்ளத்தில் விழும்போது மட்டும் வந்தால் சஸ்பென்ஷன் புஷ். மாத்தளைக்கு இறங்கும் வழியில் பிரேக் மிதித்தால் மட்டும் வருமானால் பிரேக் பேட். மழை இரவு நின்ற காரில் காலையில் கேட்டு, நாலைந்து மிதிப்பில் ஓய்ந்தால் அது டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, கவலை வேண்டாம். ஓயாவிட்டால் விஷயம் வேறு. பல பேட்களின் ஓரத்தில் ஒரு சிறு தகட்டு நாக்கு இருக்கும். பேட் இரண்டு மூன்று மில்லிமீற்றராகத் தேய்ந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசும். கத்துவதற்கென்றே வைத்த பாகம் அது.

அனுபவமுள்ள மெக்கானிக் பாஸ் காதால் கேட்டே சொல்லிவிடுவாரே என்பார்கள். சொல்வார்தான், ஆனால் பொனட்டைத் திறக்குமுன் "பிரேக் அடிக்கிறப்பவா, சும்மா ஓடுறப்பவா?" என்று அவரும் கேட்பார். ஸ்கேனர் போடலாமே என்றால், காய்ந்த ரப்பரைக் கவனிக்க அதற்கு சென்சார் கிடையாது. எண்ணெய் தெளித்துப் பார்ப்பது இன்னும் மோசம்: சத்தத்தோடு தடயமும் போய்விடும், கனிம எண்ணெய் ரப்பரையும் ஊதவைக்கும், பிரேக்கில் பட்டாலோ ஆபத்து. பெல்ட்டின் விலா ஓடும் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். சத்தம் சற்று நேரம் அடங்கினால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்கலாம். கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. இப்படிச் சந்தேகம் ஓரிரு பாகங்களுக்குச் சுருங்கிய பிறகு "எங்கே?" என்று கேட்கலாம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர் உடலில் ஊன்றி, பிடியைக் காதருகே வைத்தால் பேரிங்கின் முனகல் தெளிவாகக் கேட்கும். சட்டைக்கை மட்டும் ஓடும் பெல்ட்டில் சிக்காமல் மடித்திருக்கட்டும்.