தொழிலும் கருவியும் – 12: கடல் கடந்து வந்த யந்திரமும் அதற்கேற்ற மின்மாற்றியும்

அமெரிக்காவில் பல ஆண்டுகள் உத்தியோகம் பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பிவிடுவது என்று தீர்மானித்தவர்களுள், மரவேலையில் ருசி கண்டவர் எவராயினும், மேஜை நாற்காலிகளை விற்றுவிடச் சம்மதித்தாலும், தம் கைக்குப் பழகிய ரம்பத்தையும் ரூட்டரையும் பிளேனரையும் விட்டுவர எளிதில் மனம் ஒப்பமாட்டார். அந்தப் பற்று நியாயமானதே. ஆனால் அக்கருவிகள் பிறந்த தேசத்தில் வீட்டுச் சுவரில் கிடைப்பது 120 வோல்ட் மின்சாரம்; இங்கே கிடைப்பதோ 230 வோல்ட். நடுவில் ஒரு மின்மாற்றி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எத்தகைய மின்மாற்றி என்ற கேள்வியை மட்டும் கடைக்காரரின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். யந்திரத்தின் ஆயுளும் அதைப் பிடித்திருக்கும் மனிதனின் உயிரும் அந்த ஒரு பெட்டியைப் பொறுத்திருப்பதால், இதைச் சற்று விஸ்தாரமாகவே ஆராய்வது அவசியம்.

1831-இல் மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தின்மேல் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தைத் தொடுக்கும்போதும் துண்டிக்கும்போதும் மற்றதில் க்ஷணநேரம் மின்சாரம் எழுவதைக் கண்டார். 1885-இல் புடாபெஸ்ட் நகரத்து கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த சிபர்னோவ்ஸ்கி, தேரி, பிளாதி என்ற மூன்று இன்ஜினீயர்கள் அந்தத் தத்துவத்தை நடைமுறைக்கு உகந்த சாதனமாக்கினார்கள். இரண்டாவது சுருளின் சுற்றுகள் முதலாவதன் சுற்றுகளில் பாதியாக இருந்தால் மின்னழுத்தமும் பாதியாகும். 230 உள்ளே சென்றால் 115 வெளியே வரும். 120 வோல்ட் கருவிக்கு அது போதுமானது. ஆனால் மின்சாரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அது விநாடிக்கு எத்தனை முறை திசை மாறி ஊசலாடுகிறது என்ற அதிர்வெண், அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மின்மாற்றியும் இந்த எண்ணைத் தொடுவதே இல்லை. ஆகையால், பெட்டியை வாங்கப் புறப்படும் முன் யந்திரத்தைப் பரீட்சித்துப் பார்ப்பதே முதற்காரியம்.

பரீட்சை கடினமானதன்று. டிரில் மிஷின், ரூட்டர், கையால் பிடித்து ஓட்டும் வட்ட ரம்பம் ஆகியவற்றின் மோட்டார் உறையை உற்று நோக்கினால், எதிரெதிர்ப் பக்கங்களில் நாணயம் போன்ற இரண்டு திருகு மூடிகள் பெரும்பாலும் தென்படும். அவற்றைக் கழற்றினால் ஸ்பிரிங்கோடு கூடிய கார்பன் துண்டு வெளியே வரும். கார்பன் பிரஷ் உள்ள இத்தகைய மோட்டாருக்கு அதிர்வெண் எதுவாயினும் ஒன்றே. நேர் மின்சாரத்திலும் அது ஓடக்கூடியது. இவ்வகைக் கருவியுடையவர் அழுத்தத்தைக் குறைத்தால் போதும். வேறு கவலை இல்லை.

ஏர் கம்ப்ரசர், தரையில் நிறுத்தும் பேண்ட்சா, பெரிய மேஜை ரம்பம், பெஞ்ச் கிரைண்டர் முதலியவற்றின் கதி வேறு. இவற்றில் சாதாரணமாக இருப்பது பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகத்தை நிர்ணயிப்பது அதிர்வெண்ணே. அங்கே நிமிஷத்துக்கு 1725 சுற்று சுற்றிய மோட்டார் இங்கே 1425-இல் நின்றுவிடும். வேகக் குறைவையாவது பொறுத்துக்கொள்ளலாம்; சூட்டைப் பொறுக்க முடியாது. அதே அழுத்தத்தில் 60-லிருந்து 50-க்கு இறங்கும்போது இரும்பில் எழும் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு அதிகரிக்கிறது. இரும்பு அதைத் தாங்க மாட்டாமல் நிறைந்துபோக, மின்னோட்டம் ஏறி, சுருள் காய்ந்து கருகுகிறது. இதற்குப் பரிகாரமாக 120-க்குப் பதில் 100 வோல்ட் தரும் மின்மாற்றியைப் பயன்படுத்தலாம். அப்போது ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கச் சம்மதிக்க வேண்டும். அதைவிட உத்தமமான வழி, அந்த மோட்டாரையே கழற்றிவிட்டு, மோட்டார்த் தொழிலுக்குப் பேர்போன கோயம்புத்தூரில் செய்யும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மோட்டார் ஒன்றைப் பொருத்தி, அதன் புல்லியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்கிக்கொள்வது. அடித்தட்டில் புதிதாகத் துளையிட வேண்டியிருக்கலாம். ஆனால் பிற்காலத்தில் சுருள் கருகினாலும் உள்ளூரில் காயில் கட்டுபவரே அதைச் சரிசெய்துவிடுவார்.

ஜப்பானிலிருந்து வரும் கருவிகளுக்கும் இந்த விசாரணை பொருந்தும். 1895-இல் டோக்கியோ நகரம் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்திடம் 50 ஹெர்ட்ஸ் யந்திரங்களையும், மறுவருஷம் ஒஸாகா அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் 60 ஹெர்ட்ஸ் யந்திரங்களையும் தருவித்த காரணத்தால், அத்தேசத்தின் கிழக்கும் மேற்கும் இன்றளவும் இருவேறு அதிர்வெண்களில் இயங்குகின்றன. இரண்டுக்கும் இசைந்தவை என்று தகட்டில் 50/60 எனக் குறிக்கப்பட்ட ஜப்பானியக் கருவிகளுக்கு 100 வோல்ட் மின்மாற்றி ஒன்றே போதும். 115 கொடுப்பது மிகை.

இனி, பெட்டியின் கொள்ளளவு. கருவியின் தகட்டில் 120 வோல்ட், 15 ஆம்பியர் என்றிருந்தால், இரண்டையும் பெருக்க 1800 வோல்ட்-ஆம்பியர் ஆகிறது. அந்த அளவுக்கே மின்மாற்றி வாங்கினால் அது முதல் நாளே திணறும். ஏனெனில், எந்த மோட்டாரும் ஓய்விலிருந்து புறப்படும் கணத்தில் தன் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. ஆகவே இப்படிப்பட்ட ரம்பத்துக்கு 3000 வோல்ட்-ஆம்பியர், அதாவது 3 கே.வி.ஏ. அளவுள்ள மின்மாற்றியே தகுந்தது. அந்த அளவு இடைவிடாத உபயோகத்துக்கா, விட்டுவிட்டு ஓட்டுவதற்கா என்பதையும் வினவித் தெளிய வேண்டும். 3 கே.வி.ஏ. முழுச் சுமையில் சுவரிலிருந்து 13 ஆம்பியர் இழுக்குமாதலால், அதை 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் செருகலாம். விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக் அதற்கு ஆகாது.

கொள்ளளவைவிட முக்கியமானது பெட்டியின் ஜாதி. கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘ஆட்டோ’ மின்மாற்றியில் இருப்பது ஒரே சுருள். அதன் நடுவிலிருந்து ஒரு கம்பியை வெளியே இழுத்து 115 வோல்ட்டை எடுக்கிறார்கள். இரும்பும் செம்பும் ஏறக்குறைய பாதியே போதுமாதலால் கனமும் விலையும் குறைவு. ஆனால் சுவர் மின்சாரத்துக்கும் கருவிக்கும் இடையே அங்கே பிரிவினை என்பதே கிடையாது. சுருளின் பொதுப் பாதி எங்கேனும் அறுந்துபோனால், சுவரின் 230 வோல்ட் தடையின்றிக் கருவியை நோக்கிப் பாயும். சுவர் பிளக்கில் லைனும் நியூட்ரலும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தாலோ, நம் வீடுகளில் அது அபூர்வமன்று, கருவியின் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் மோட்டாரின் உட்பகுதி முழுவதும் பூமியை நோக்க 230 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்காமல் பிரஷ் மாற்றக் கைவைத்தவர் அக்கணமே ஆபத்துக்கு ஆளாவார். உள்ளே வருவதும் வெளியே போவதும் தனித்தனிச் சுருள்களாக, செம்பால் செம்பைத் தொடாமல் இரும்பின் காந்தத்தால் மட்டுமே உறவு கொள்ளும் ‘ஐஸொலேஷன்’ மின்மாற்றியில் இந்த இரு அபாயங்களும் இல்லை. அது கனமானது, விலையும் கூடியது. ஆயினும் ஈரத் தரையில் நின்று வேலை செய்யும் கூலியாளின் கையில் கருவியைக் கொடுக்கிற எவரும் அந்த விலையை வீண்செலவாக எண்ணலாகாது.

உள்ளங்கையில் அடங்கும் இலேசான பெட்டி ஒன்றும் பிரயாணிகளுக்காக விற்கப்படுகிறது. 1600 வாட் என்றும் அதன்மேல் அச்சிட்டிருக்கும். உள்ளே இரும்பும் இல்லை, சுருளும் இல்லை. மின்னலையைத் துண்டு துண்டாக வெட்டிச் சராசரியைக் குறைக்கும் எலெக்ட்ரானிக் உபாயம் அது. சூடேறும் கம்பிக்கு அது ஏற்கும். மோட்டாருக்கும் வேகக் கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டுக்கும் ஆகவே ஆகாது. பாட்டரிக் கருவிகளை வைத்திருப்பவர்களுக்குச் சிரமம் குறைவு. சார்ஜரின் தகட்டைப் பார்த்து, 100–240 என்றிருந்தால் பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 120 என்று மட்டும் இருந்தால் சிறிய மின்மாற்றி ஒன்று போதும்.

வாங்கிய பின் இரண்டு நியமங்களைக் கைக்கொள்ள வேண்டும். எக்ஸ்டென்ஷன் கம்பி நீளமாக வேண்டியிருந்தால், அதைச் சுவருக்கும் மின்மாற்றிக்கும் நடுவில் இடுங்கள். அங்கே மின்னோட்டம் பாதியாதலால் அதே கம்பியில் விரயமாகும் சக்தி கால் பங்காகிவிடும். மற்றது இதனினும் முக்கியம்: அமெரிக்கக் கருவியின் தட்டைக்கால் பிளக்கை வெட்டிவிட்டு நம்மூர் உருண்டைக்கால் பிளக்கை ஒருபோதும் மாட்டாதீர்கள். மின்மாற்றியிலேயே தட்டைக்கால் துவாரங்களை அமைத்துக்கொண்டு, கருவி அதில் மட்டுமே பொருந்தும்படி செய்துவிட்டால், விஷயம் தெரியாத உதவியாளோ பிள்ளைகளோ அவசரத்தில் அதை நேரே சுவரில் செருகிவிடும் வாய்ப்பே இராது.

அடுத்த வாரம், பட்டறைக்கு எர்த் போடும் முறையைக் கவனிப்போம்.