பங்காளி என்றால் யார்?

ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் பந்தலுக்கு வருகிறவர்கள் இரு வகையினர். சந்தனம் பூசிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு போகிறவர் ஒருவர். நாள் குறிப்பதற்கு முன்பே வீடு தேடிப் போய், 'என்ன சொல்கிறீர்கள்?' என்று கேட்கப்படுகிறவர் மற்றொருவர். முன்னவர் விருந்தாளி, பின்னவர் பங்காளி. விருந்தாளிக்கு உபசாரம் உண்டு, பாத்தியம் இல்லை. பங்காளிக்கு உபசாரம் குறைந்தாலும் பாத்தியம் குறையாது. இந்த வித்தியாசம் நம் கிராமங்களில் எழுத்தறியாதவர்களுக்கும் தெரியும். ஆனால் பெரிய சர்க்கார்கள் இதை அறிந்தும் அறியாதவைபோல் நடந்துகொள்ளக் கூடும் என்பதற்குக் கனடா தேசத்தின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நடந்தது தக்க உதாரணமாகும்.

அந்த மாகாணத்தின் பூர்வகுடிகளான லில்வாட், மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாட்டுத் என்ற நான்கு சமூகத்தாரும் தாங்களே தலைமை வகித்து, 2030-ஆம் வருஷத்துக் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்களை வான்கூவர் நகரிலும் விஸ்லர் மலையூரிலும் நடத்த முன்வந்தனர். 2022 அக்டோபர் 27-ந் தேதி, மாகாண சர்க்கார் இந்த முயற்சிக்கு ஆதரவு தருவதற்கில்லை என்று அறிவித்துவிட்டது. சர்க்காரின் உத்தரவாதம் இன்றி இப்பந்தயங்களைக் கேட்டுப் பெற முடியாது. ஆகவே முயற்சி அத்துடன் முடிந்தது. இது வெறும் விளையாட்டுச் செய்தியன்று. இதே நான்கு சமூகத்தாரை முன்னொரு முறை 'பங்காளிகள்' என்று உலகறிய அழைத்தது இதே மாகாண சர்க்கார்தான். அந்தப் பூர்வ கதையை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நலம்.

2010-ஆம் வருஷத்துப் பந்தயங்களுக்காக அம்மாகாணம் செய்த ஏற்பாடுகள் சாமானியமானவை அல்ல. 2002-ல், கார்டன் காம்ப்பெல் பிரதம மந்திரியாக இருந்த காலத்தில், மாகாண சர்க்கார், கனடாவின் மத்திய சர்க்கார், வான்கூவர், விஸ்லர் நகரசபைகள், ஒலிம்பிக் ஸ்தாபனங்கள் ஆகியோரிடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பந்தயங்களை நடத்தும் கமிட்டிக்கு நஷ்டம் நேர்ந்தால் அதை மாகாண கஜானாவே ஈடுசெய்யும் என்பது அதன் முக்கிய ஷரத்து. 2003 பிப்ரவரியில் வான்கூவர் நகர ஜனங்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. நூற்றுக்கு 64 பேர் சம்மதம் தெரிவித்தனர். அவ்வருஷம் ஜூலை 2-ந் தேதி பிராக் நகரில் கூடிய சர்வதேசக் கமிட்டியில், தென்கொரியாவின் பியாங்சாங் பெற்ற 53 வாக்குகளுக்கு எதிராக 56 வாக்குகள் பெற்று வான்கூவர் வென்றது.

அதன் பிறகு பணம் தண்ணீராய் ஓடத் தொடங்கியது. கடற்கரையிலிருந்து விஸ்லர் வரை மலைச்சரிவில் செல்லும் சாலை சுமார் 60 கோடி டாலர் செலவில் சீர்திருத்தப்பட்டது. அதைக் கட்டி, 25 வருஷம் பராமரிக்கும் பொறுப்பு தனியார் கூட்டு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. விமான நிலையத்திலிருந்து நகருக்குச் சுமார் 200 கோடி டாலரில் ரயில் பாதை அமைந்தது. பந்தய மைதானங்களுக்கென்று மத்திய சர்க்காரும் மாகாண சர்க்காரும் சரிபாதியாக 58 கோடி டாலர் கொடுத்தன. மாகாணத்தின் செலவு 60 கோடிக்குள் அடங்கும் என்றனர் மந்திரிகள். 2006-ல் மாகாணத் தணிக்கை அதிகாரியோ, பந்தயச் செலவு மொத்தம் 250 கோடி என்றும், அதில் மாகாணத்தின் பங்கு 150 கோடி என்றும் கணக்கிட்டார். சாலையைப் பந்தயக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது சர்க்காரின் வாதம். கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடித்த கூலியைக் கல்யாணச் செலவில் எழுதுவதா, வீட்டுச் செலவில் எழுதுவதா என்ற பழைய தகராறுதான் இது.

இவ்வளவு பெரிய காரியத்தில் பூர்வகுடிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? சர்க்காரின் தாராள மனப்பான்மையிலிருந்து மட்டும் வரவில்லை; சட்டத்திலிருந்து வந்தது. கனடாவின் மற்றப் பகுதிகள் பலவற்றில் வெள்ளையர்கள், பெயரளவிலேனும், பூர்வகுடிகளுடன் உடன்படிக்கை செய்துகொண்டு நிலத்தைப் பெற்றனர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பாகத்தில் அந்தச் சடங்கும் நடைபெறவில்லை. வான்கூவர் நகரம் நிற்கும் பூமியை அதற்குரியவர்கள் எந்தப் பத்திரத்திலும் எழுதிக் கொடுத்ததில்லை. உரியவர்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நிலப் பாத்தியத்துக்காக வழக்காடப் பணம் திரட்டுவதும், அதைக் கொண்டு வக்கீல் அமர்த்துவதும் 1927 முதல் 1951 வரை கனடாவில் குற்றமாக இருந்தன! வக்கீல் தொழிலை அறிந்த நமக்கு, இதைவிடக் கொடிய அநீதியைக் கற்பனை செய்வதும் கடினமாயிருக்கிறது. திருடு கொடுத்தவன் வாயைக் கட்டிவிட்டு, 'புகார் ஒன்றும் வரவில்லை' என்று எழுதிக்கொண்டது போலாயிற்று.

இன்னொன்றும் உண்டு. அக்கரையோரத்துப் பூர்வகுடிகளுக்கு 'பாட்லாச்' என்ற பெருவிருந்து உயிர் போன்ற வழக்கம். ஊரைக் கூட்டி உணவளித்து, பொருளை வாரி வழங்கி, பட்டத்தையும் பாத்தியத்தையும் சபையறிய நிலைநாட்டுவது அதன் நோக்கம். அதனையும் 1885 முதல் 1951 வரை சட்டம் தடுத்தது. விருந்து வைத்த குற்றத்துக்காக மனிதர்கள் சிறை சென்றனர். அந்தத் தடை நீங்கி அறுபது வருஷம் ஆவதற்குள், உலகத்தாரை வரவேற்கும் விருந்தோம்பிகளாக அதே ஜனங்களை சர்க்கார் அழைத்தது. காலத்தின் விசித்திரம் என்பது இதுதான்.

வாய்ப்பூட்டு கழன்ற பிறகு நீதிமன்றங்கள் பேசத் தொடங்கின. பூர்வகுடிகளின் நிலப் பாத்தியம் அழிந்துவிடவில்லை என்று 1997-ல் டெல்கமுக் வழக்கில் கனடாவின் சுப்ரீம் கோர்ட் விளக்கிற்று. 2004-ல் ஹைடா வழக்கில், பாத்தியம் நிரூபணமாவதற்கு முன்பே கூட, அதைப் பாதிக்கும் காரியங்களில் பூர்வகுடிகளைக் கலந்தாலோசிப்பது சர்க்காரின் கடமை என்று தீர்ப்பளித்தது. டெல்கமுக் தீர்ப்பு வந்த ஐந்தாம் வருஷமே, 2002-ல், ஸ்குவாமிஷ், லில்வாட் சமூகத்தாருடன் மாகாண சர்க்கார் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 300 ஏக்கர் நிலமும், தொழிற்பயிற்சிக்குப் பணமும், விஸ்லரில் ஒரு கலாசார நிலையத்துக்கு 30 லட்சம் டாலரும் அதில் அடங்கும். அந்நிலையம் 2008-ல் திறக்கப்பட்டது. 2004-ல் நான்கு சமூகத்தாரும் தமக்குள் ஒன்றுபட்டு ஒரே ஸ்தாபனமாயினர். 2010 பிப்ரவரி 12-ந் தேதி துவக்க விழாவில் அவர்களுடைய தலைவர்கள் நால்வரும் ராஜ்யத் தலைவர்களுக்குரிய மரியாதையுடன் அமர்ந்திருந்தனர். ஒலிம்பிக் சரித்திரத்தில் அதற்கு முன் எந்தப் பூர்வகுடிக்கும் இந்த ஸ்தானம் கிடைத்ததில்லை.

இதை நாம் சிறிதாக மதிக்கவில்லை. ஆனால் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள் என்று சொல்வதும் உண்மையாகாது. மேலே சொன்ன மலைச்சாலைக்காக ஈகிள்ரிட்ஜ் என்ற பாறைச்சரிவை வெட்டியபோது, அதை ஆட்சேபித்து வழி மறித்தவர்களில் ஹாரியட் நஹானி என்ற 71 வயதுப் பூர்வகுடி மூதாட்டியும் ஒருவர். கோர்ட் தடையுத்தரவை மீறியதற்காக 2007 ஜனவரியில் அவருக்குப் பதினான்கு நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. விடுதலையான சில வாரங்களுக்குள், பிப்ரவரி மாதத்தில், அவர் காலமானார். அந்தச் சாலையில் இன்று ஊர்ப்பெயர்கள் ஸ்குவாமிஷ் பாஷையிலும் எழுதப்பட்டிருக்கின்றன. பலகையில் பெயர் எழுதுவது மரியாதைதான். ஆனால் பாதை எங்கே போகவேண்டும் என்று தீர்மானிப்பது அதிகாரம். முன்னதைக் கொடுத்துப் பின்னதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது சர்க்கார்களுக்குப் பழகிய வித்தை.

பந்தயம் முடிந்தது, வருஷங்கள் சென்றன, ஆட்சிக் கட்சியும் மாறிற்று. 2019-ல், பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்தை மாகாணத்தின் சட்டங்களுக்கு வழிகாட்டியாக ஏற்கும் மசோதாவைச் சட்டசபை நிறைவேற்றியது. கனடாவில் இப்படிச் செய்த முதல் மாகாணம் அதுவே. இந்த நம்பிக்கையில்தான் நான்கு சமூகத்தாரும் இரண்டாம் முறை எழுந்தனர். 2021 டிசம்பரில் வான்கூவர், விஸ்லர் நகரசபைகளுடன் உடன்பாடு செய்துகொண்டனர். இம்முறை அவர்கள் வரவேற்புரை கூற அழைக்கப்பட்டவர்களல்லர், தலைமை அவர்களுடையது. மொத்தச் செலவு 350 கோடி முதல் 400 கோடி டாலர் என்றும், அதில் பொதுப்பணம் 100 கோடி முதல் 120 கோடி வரை தேவைப்படும் என்றும் 2022-ல் மதிப்பிடப்பட்டது.

சர்க்கார் மறுத்ததற்குச் சொன்ன காரணம் பணம். நேரடிச் செலவு 120 கோடி. நஷ்ட உத்தரவாதத்தினால் மேலும் 100 கோடி வரை சுமை ஏறக்கூடும். வைத்திய வசதி முதலிய அவசரத் தேவைகள் காத்திருக்கின்றன என்றார் மந்திரி லிசா பியர். இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யமாட்டோம். உத்தரவாதம் என்பது எவ்வளவு ஆபத்தான சொல் என்பதை வான்கூவர் நகரமே ஒரு முறை அனுபவித்திருக்கிறது. 2010 பந்தய வீரர்களுக்கான குடியிருப்பைக் கட்டியவர்களுக்குக் கடன் கொடுத்து வந்த ஸ்தாபனம் 2008-ல் கையை விரித்துவிட்டது. வேலையை முடித்துத் தீர வேண்டிய நகரசபை, தானே கடன் வாங்குவதற்கு 2009 ஜனவரியில் சட்டசபையின் விசேஷ அனுமதியை நாடவேண்டியதாயிற்று. வரி கொடுக்கும் ஏழையின் பணத்தைப் பனிச்சறுக்கில் வைத்துச் சூதாட மறுக்கும் சர்க்காரை நாம் குறை கூற முடியாது.

ஆனால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். முதலாவது, அதே 2022-ஆம் வருஷத்தில் அதே சர்க்கார் 2026-ஆம் வருஷத்து உலகக் கால்பந்துப் போட்டியின் ஆட்டங்களை வான்கூவருக்குக் கொண்டுவரச் சம்மதித்தது. செலவு 24 கோடி முதல் 26 கோடி டாலர் வரை என்று அப்போது சொல்லப்பட்டது; 2024-ல் அது 48 கோடி முதல் 58 கோடி வரை என்று உயர்ந்தது. ஒரு விருந்துக்குக் கணக்கு நெகிழ்ந்தது. மற்றொரு விருந்துக்கு அதே கணக்கு இறுகிவிட்டது. தொகை சிறியது என்று சமாதானம் சொல்லலாம். தன்னுடைய சங்கற்பம் வேறு, பிறருடைய சங்கற்பம் வேறு என்பதுதான் மெய்யான வித்தியாசமோ என்ற சந்தேகம் நமக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது கேள்வி முதலாவதைக் காட்டிலும் பெரிது. நான்கு சமூகத்தாரின் தலைவர்கள் முக்கியமாகக் குறைப்பட்டது பணம் மறுக்கப்பட்டதற்காக அன்று. மந்திரிகள் தங்களுடன் நேரில் உட்கார்ந்து பேசுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள் என்பதே அவர்களுடைய மனவருத்தம். சர்க்காருக்குப் பந்தயம் வேண்டியிருந்த காலத்தில் அவர்களில்லாமல் காரியம் நடவாது என்று வீடு தேடிச் சென்றார்கள். அவர்களுக்குப் பந்தயம் வேண்டியபோது, கடிதமும் அறிக்கையும் போதுமென்று கருதிவிட்டார்கள். 'இல்லை' என்று சொல்லப் பங்காளிக்குப் பங்காளி உரிமையுண்டு. ஆனால் அதைத் திண்ணையில் அருகே உட்கார வைத்து, கணக்கைப் பிரித்துக் காட்டிச் சொல்லவேண்டும். தெருவில் நின்று தண்டோரா போட்டுச் சொல்வது பங்காளிக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

2030-ஆம் வருஷத்துப் பந்தயங்கள் 2024-ல் பிரான்ஸ் தேசத்து ஆல்ப்ஸ் பிரதேசத்துக்கு அளிக்கப்பட்டன. பனி அங்கே விழும். பதக்கங்கள் அங்கே வழங்கப்படும். வான்கூவர் ஜனங்களுக்கு அதனால் நஷ்டமா லாபமா என்பது பற்றி நாம் வாதிட விரும்பவில்லை. நாம் கவனிப்பது ஒன்றே. எந்த சர்க்காரும் எந்தத் திட்டத்துக்கும் 'ஜனங்களே பங்காளிகள்' என்று பறைசாற்றும்போது, பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள் மேடையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத் திருப்தி அடைந்துவிடலாகாது. யாருக்கு வேண்டாமென்று சொல்லும் உரிமை இருக்கிறது, யாருடைய விருப்பத்தால் காரியம் தொடங்குகிறது, யாரைக் கேட்காமல் அதை நிறுத்த முடியாது என்று பார்க்கவேண்டும். இம்மூன்றும் இல்லாதவனுக்கு எத்தனை மாலை போட்டாலும் அவன் விருந்தாளியே. நிலத்துக்கு உரியவனை அவனுடைய நிலத்திலேயே விருந்தாளியாக்குவது எந்த ராஜ்யத்துக்கும் கீர்த்தி தராது.