கடவுளுக்கு டைம் இருக்கா?

செமஸ்டர் தேதி அறிவிச்சாச்சு. ஹால் டிக்கெட்டும் கைக்கு வந்தாச்சு. அடுத்த ஞாயிறு பார்க்கணுமே! வருஷம் முழுக்க கோயில் பக்கமே வராதவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கையில் மெழுகுவர்த்தி, பாக்கெட்டில் ஹால் டிக்கெட். 'ஆண்டவரே, அரியர் இல்லாம க்ளியர் ஆயிட்டா வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்' என்று ஒரு நேர்ச்சை வேறு. ரிசல்ட் வந்ததும்? ஆளையே காணோம்!

கஷ்டத்தில் கடவுளைக் கூப்பிடுவது தப்பே இல்லை. ஆனால் கைமாத்து வேணும்போது மட்டும் போன் பண்ணுகிற ஃப்ரெண்டை நீங்க என்ன சொல்வீங்க?

'மனசு இருக்கு பாஸ், டைம்தான் இல்லை' என்கிறீர்களா? வாங்க, பேசுவோம்.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் புரட்டுங்க. கப்பர்நாகூமில் பொழுது சாய்ந்த பிறகும் இயேசுவைத் தேடி ஊரே வாசலில் நிற்கிறது. நோயாளிகளை ஒவ்வொருவராகக் குணமாக்குகிறார். எப்பேர்ப்பட்ட அலுப்பு இருந்திருக்கும்! ஆனால் மறுநாள் விடியும் முன்பே எழுந்து, தனிமையான இடம் தேடிப் போய் ஜெபிக்கிறார். வேலையெல்லாம் முடிச்சிட்டு, மிச்சமிருந்த நேரத்தில் இல்லை. வேலைக்கு முன்னால்!

மணி அடிச்சா நில்லு!

நம்ம புதுச்சேரியில் கோயில்களுக்கா பஞ்சம்? மிஷன் வீதியில் 1791-ல் கட்டி முடித்த சம்பா கோவில், டூமா வீதியில் கப்ஸ் கோவில், ரயில் நிலையம் பக்கத்தில் 2011-ல் பசிலிக்காவாக உயர்ந்த திருஇருதய ஆலயம்... கத்தோலிக்கக் கோயில்களில் காலை, மதியம், மாலை என மூன்று வேளை மணி அடிப்பது பழைய வழக்கம். மூவேளை ஜெபத்துக்கான மணி அது. பாட்டியைக் கேளுங்க... மணிச் சத்தம் கேட்டால் கை வேலையை அப்படியே விட்டுட்டு ஜெபம் சொன்ன காலத்தைச் சொல்வாங்க.

பிரெஞ்சு ஓவியர் மிலே 1859-ல் முடித்த 'ஆஞ்சலஸ்' ஓவியத்தில் இருப்பதும் இதுதான். உருளைக்கிழங்கு வயலில் ஓர் ஆணும் பெண்ணும் வேலையை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்து நிற்கிறார்கள். அறுவடை முடியவில்லை. மணி அடித்தது, நின்றார்கள். அவ்வளவுதான்!

இதில்தான் விஷயமே இருக்கு. டைம் தானா கிடைக்காது. நாமதான் நிறுத்தணும். சாயங்காலம் ஆனதும் நம்ம பீச் ரோட்டில் தடுப்பு போட்டு வண்டிகளை நிறுத்துறாங்களே... அதுக்கப்புறம்தானே ரோட்டில் நிம்மதியா நடக்க முடியுது! அதே மாதிரி உங்க நாளிலும் ஒரு இடத்தில் தடுப்பு போடுங்க. மெசேஜ், ரீல்ஸ் எல்லாம் கொஞ்ச நேரம் வெளியே நிக்கட்டும்.

பாத்திரம் கழுவிய பக்தர்

'காலையில் காலேஜ், சாயங்காலம் பார்ட் டைம் வேலை. எங்கே போய் நிறுத்தறது?' நியாயமான கேள்வி. 17-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். போரில் காலில் அடிபட்ட பழைய சிப்பாய். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையற்கட்டு வேலை, பிறகு செருப்பு தைக்கிற வேலை. சட்டி பானைகளுக்கு நடுவிலேயே கடவுளோடு பேசப் பழகிக்கொண்டார். 1691-ல் இறந்தார். அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் புத்தகமாகி, இன்றைக்கும் உலகம் முழுக்கப் படிக்கப்படுகின்றன. அவருக்கு முடிஞ்சது, கடலூர் பஸ்ஸில் கம்பியைப் பிடிச்சு நிற்கிற உங்களுக்கு முடியாதா?

நீங்க செய்ய வேண்டியது...

* அஞ்சு நிமிஷம் போதும். முதல் நாளே ஒரு மணி நேரம் என்று ஆரம்பிச்சா மூணாம் நாள் காணாமப் போயிடுவீங்க!

* தினமும் செய்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்க. பல் தேய்ச்சதும், வண்டிச் சாவியை எடுக்கும் முன்... எதுவானாலும் சரி.

* பைபிளில் ஒரு சின்னப் பகுதி. அதைப் பற்றி நாலு வார்த்தை, நண்பனிடம் பேசற மாதிரி.

* ஒரு நாள் விட்டுப்போச்சா? குற்ற உணர்ச்சியில் ஒரு வாரம் விட்டுடாதீங்க. அடுத்த நாள் தொடருங்க.

* ஜெபத்தைச் சாக்கா வெச்சு அம்மா சொன்ன வேலையிலிருந்து நழுவாதீங்க. அந்த வேலையையும் ஜெபமாக்கலாம்.

இவ்வளவும் எதுக்கு? பரீட்சைக்கு மட்டும் வருகிற பக்தி ஒரு டீலிங் மாதிரி. அரியர் விழுந்த அன்றைக்கே 'கடவுளாவது, ஒண்ணாவது' என்று அது உடைஞ்சுடும். ஒண்ணுமே கேட்காமல் தினமும் அஞ்சு நிமிஷம் பேசிப் பழகினவருக்கும் அரியர் விழலாம். வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுக்கலாம். ஆனால் அன்றைக்கு ராத்திரி அழுவதற்கு, சண்டை போடுவதற்குக்கூட, தெரிஞ்ச ஒருத்தர் அவருக்கு இருப்பார்.

அந்த அறிமுகத்தை ஹால் டிக்கெட் வந்த பிறகு அவசரமா சம்பாதிக்க முடியாது. இன்றைக்கே ஆரம்பிச்சுடுங்க!