பத்து வாக்குகளில் மாறிய நகரம்

“என் ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடப் போகிறது?” என்று சங்கத் தேர்தலன்று வீட்டிலேயே இருந்துவிடும் அங்கத்தினர் சிலர் உண்டு. அமெரிக்காவில், வெர்மாண்ட் மாகாணத்துப் பர்லிங்டன் நகரில் நடந்த மேயர் தேர்தல் அவர்கள் அறியத்தக்கது.

ஏரிக்கரையில் அமைந்த அந்நகரில் 1980ஆம் ஆண்டில் ஏறக்குறைய 38,000 மக்கள் வசித்தனர். அங்கே மேயரை வாக்காளரே நேராகத் தேர்ந்தெடுப்பர். 1971 முதல் மேயராயிருந்த கோர்டன் பாக்கெட் என்பவரை எதிர்த்து, 1981 மார்ச் 3ஆம் தேதி, பெர்னி சாண்டர்ஸ் என்னும் சுயேச்சை அபேட்சகர் போட்டியிட்டார். அவர் வெல்வார் என எண்ணியோர் சிலரே. மறு எண்ணிக்கை முடிந்தபோது அவர் வெறும் 10 வாக்குகள் வித்தியாசத்தில் வெற்றி பெற்றிருந்தார். நமது தறிக்காரத் தெரு ஒன்றின் ஒரு வரிசையிலேயே அதைவிட அதிக வாக்குகள் உண்டல்லவா?

ஆயினும், மேயரைத் தேர்ந்தெடுத்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. 13 அங்கத்தினர் கொண்ட நகரசபையில் பெரும்பான்மையோர் அவருக்கு எதிரிகள். அவர் நியமித்த அதிகாரிகளை ஏற்க அச்சபை மறுத்தது. மேயர் பதவி இருந்தும் கைகள் கட்டப்பட்ட நிலை. 1982ஆம் ஆண்டு நகரசபைத் தேர்தலில், வாக்காளர் அவருக்குத் துணைநிற்போர் பலரை அனுப்பிய பின்னரே நிலைமை மாறியது. 1983, 1985, 1987 ஆகிய தேர்தல்களிலும் அவர் வென்றார்.

அக்காலத்தில் விளைந்த நன்மைகளுள் ஒன்று, 1984இல் நகரசபையின் பண உதவியோடு தோன்றிய சமூக நில அறக்கட்டளை. இதில் நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம். வீடு குடும்பத்திற்குச் சொந்தம். வீட்டை விற்பவர் விலையேற்றத்தில் ஒரு பகுதியை மட்டுமே பெறுவார். ஆகவே அடுத்து வரும் எளிய குடும்பமும் அதனை வாங்க இயலும். கூட்டுறவின் அடிப்படைக் கருத்தும் இதுவேயன்றோ?

நாம் அறிய வேண்டுவது யாதெனில், தலைவர் ஒருவரால் மட்டும் சங்கம் நடவாது என்பதே. நூல் கொள்முதலும், விதையும், கடன் வழங்கலும் நிர்வாகக் குழுவின் தீர்மானத்தால் நடைபெறுபவை. தலைவர் யார் என்பதில் காட்டும் அக்கறையைக் குழுவினர் யாவர் என்பதிலும் காட்டுதல் வேண்டும். தேர்தல் நாளன்று தறியையும் ஏரையும் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து வாக்களித்து வருவோமாக.