உப்பைக் குறைப்போம், உருசியை இழக்கமாட்டோம்

பெரகல சந்தியில் கொழும்பிலிருந்து வரும் வீதி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்புத்தளைக்கு ஏறுகிறது; மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இந்த இரு வீதிகளின் ஓரத்திலும் மேலே உள்ள தோட்டங்களிலும் வாழும் எமது குடும்பங்கள் பலவற்றுக்கு இடப்பெயர்வு புதிய அனுபவமல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலை சரிந்தபோது உயிர் தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்பு மாகந்தை தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் பதுளை மாவட்டத்தில் பலரை வீட்டைவிட்டு எழுப்பியது.

வீடு போனது எல்லோருக்கும் தெரிகிறது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கறிவேப்பிலை, ரம்பை, மிளகுக்கொடி, பச்சைமிளகாய்ச் செடி போனதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நிவாரணப் பொதியில் வருவது அரிசி, பருப்பு, கருவாடு, டின்மீன், சோயா மீட், நூடில்ஸ். இவை பசியைத் தீர்க்கும். அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அரிசியையும் பருப்பையும் விட்டால், மற்ற நான்கிலும் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. வாசனைக்கு ஒரு இணுக்குக் கறிவேப்பிலையும் இல்லாத சமையலில் உருசிக்கு மிஞ்சுவது உப்பும் மிளகாய்த்தூளும் சூப்புக் கட்டியுமே. இப்படி மாதக்கணக்கில் சாப்பிட்டுப் பழகிய நாக்கு, புதிய வீட்டுக்குப் போன பின்பும் அதையே கேட்கிறது.

உப்பு கூடினால் இரத்த அழுத்தம் கூடும். அழுத்தம் கூடுவது உடம்புக்குத் தெரியாது; ஒரு நாள் பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ தெரியவரும். சிறுநீரகமும் மெல்ல மெல்லக் கெடும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமிலும் குறைந்த உப்புப் போதும் என்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. கறி, சம்பல், ரொட்டி, பாண், பிஸ்கட், கருவாடு எல்லாவற்றிலும் உள்ள உப்பைச் சேர்த்தே இந்த ஒரு தேக்கரண்டி.

வீட்டில் தராசு இல்லாவிட்டாலும் கணக்குப் பார்க்கலாம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 25 கிராமே எல்லை. 400 கிராம் உப்பு பக்கற் ஒன்றை வாங்கிய திகதியை அதன்மேல் எழுதிவையுங்கள். 16 நாளைக்குள் அது முடிந்துவிட்டால், கடைச் சாமான்களில் உள்ள உப்பைச் சேர்க்காமலே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால், கருவாடும் அடிக்கடி சமைத்தால், பக்கற் இன்னும் பல நாட்களுக்கு வரவேண்டும்.

"உப்புக் குறைந்தது" என்று விற்கப்படும் உப்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சாதாரண உப்பு சோடியம் குளோரைட்டு; கெடுதி செய்வது அதிலுள்ள சோடியமே. குறைந்த சோடிய உப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, பதிலாகப் பொட்டாசியம் குளோரைட்டைக் கலக்கிறார்கள். இதனால் நன்மை உண்டு என்பது கிராமத்து மக்களிடமே பரீட்சிக்கப்பட்டது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரை வைத்துச் சுமார் ஐந்து ஆண்டுகள் நடந்த ஆய்வு 2021 இல் வெளியானது. முக்கால் பங்கு சாதாரண உப்பும் கால் பங்கு பொட்டாசிய உப்பும் கலந்ததைப் பாவித்தவர்களிடையே பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய உப்பை வீட்டுப் பாவனைக்குப் பரிந்துரைத்தது.

ஆனால் இதை எல்லோரும் பாவிக்கலாகாது. இதைப் பதுளை மாவட்டத்தில் உரத்துச் சொல்லவேண்டும். மகியங்கனை, கிராந்துருகோட்டைப் பக்கங்களில் விவசாயிகளிடையே சிறுநீரக நோய் பரவலாக இருப்பதை நாம் அறிவோம். பழுதுபட்ட சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றாது. அது இரத்தத்தில் தேங்கினால் இதயத்துடிப்பே குழம்பி உயிராபத்து ஏற்படலாம். கிளினிக்கில் இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனலாப்ரில், லொசார்டன், ஸ்பைரோனோலக்டோன் போன்ற மாத்திரைகளும் உடம்பில் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. எனவே சிறுநீரக நோயுள்ளவர்களும் இம்மாத்திரைகளை எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் இந்த உப்பைத் தொடவேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் இந்தப் பரிந்துரை பொருந்தாது. ஒரே சட்டியில் எல்லோருக்கும் சமைக்கும் வீட்டில் இவர்களில் ஒருவர் இருந்தாலும், சாதாரண உப்பையே குறைத்துப் போடுவது பாதுகாப்பானது. செலவும் இல்லை.

இந்துப்பு, இளஞ்சிவப்பு உப்பு என்று கூடிய விலைக்கு விற்கப்படுபவை குறைந்த சோடிய உப்பு அல்ல. அவையும் பெரும்பாலும் சோடியம் குளோரைட்டே. எந்த உப்பை வாங்கினாலும் அயடின் சேர்த்ததா என்று பாருங்கள். கண்டமாலையைத் தடுக்க 1995 முதல் எமது நாட்டில் உப்புக்கு அயடின் சேர்ப்பது சட்டம். மூடியில்லாத சட்டியில் அடுப்போரம் வைத்தால் அயடின் போய்விடும்.

இனிக் கறித்தூளுக்கு வருவோம். கடையில் விற்கும் கலவைகளில் இருவகை உண்டு. சில வெறும் சரக்குகளை அரைத்தவை, இவற்றால் தீங்கில்லை. வேறு சிலவற்றில் உப்பு, மா, சுவையூட்டி எல்லாம் கலந்திருக்கும். பக்கற்றின் பின்புறம் சேர்மானங்களைக் கூடிய அளவிலிருந்து குறைந்த அளவு நோக்கி எழுதுவார்கள். உப்பு முதலாவதாகவோ இரண்டாவதாகவோ இருந்தால், நீங்கள் காசு கொடுப்பது உப்புக்கே. சூப்புக் கட்டிகள் இந்த வகை. பலவற்றில் ஏறத்தாழப் பாதி உப்புத்தான். சோடியம் என்று மட்டும் எழுதியிருந்தால் அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும்: 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. அஜினமோட்டோவிலும் சோடியம் உண்டு. ஆனால் உப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. உப்புக்கு மேலாக அதையும் போடுவதுதான் பிழை.

வீட்டில் அரைப்பதே மேல். கொத்தமல்லி நான்கு பங்கு, சீரகம் இரண்டு பங்கு, பெருஞ்சீரகம் ஒரு பங்கு, மிளகு ஒரு பங்கு, ஒரு துண்டு கறுவா, இரண்டு மூன்று கராம்பு, ஒரு பிடி கறிவேப்பிலை, கிடைத்தால் ஒரு துண்டு ரம்பை. கறிவேப்பிலையையும் ரம்பையையும் ஈரம் போக முதலில் வறுத்தெடுங்கள். மற்றவற்றை மெல்லிய நெருப்பில் பொன்னிறம் தாண்டிக் கபிலநிறம் வரும்வரை வறுத்து, ஆறியபின் இடித்து, இறுக மூடும் போத்தலில் வையுங்கள். உப்புச் சேர்க்கவேண்டாம். நன்றாக வறுத்த தூளின் மணம் உப்புக் குறைந்ததைப் பெரிதும் மறைத்துவிடும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் இடியுங்கள். மணம் போன தூளுக்குத்தான் கை உப்பைத் தேடும்.

புளிப்பும் உப்புக்கு நல்ல துணை. தேங்காய்ச் சம்பலில் தேசிக்காயைத் தாராளமாகப் பிழிந்து, சின்ன வெங்காயத்தைக் கூட்டி, உப்பைப் பாதியாக்கிப் பாருங்கள். மாசி போட்டால் உப்பே வேண்டியதில்லை. மீன் கறிக்குக் கொறுக்காய் உண்டு. பருப்பை உப்பில்லாமல் அவித்து, இறக்கும்போது போட்டால் குறைந்த அளவே நாக்கில் தெரியும். சோறு அவிக்கும் தண்ணீரில் உப்பு எதற்கு? கருவாட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி ஒருமுறை கழுவுங்கள். அதன்பின் அந்தக் கறிக்கு வேறு உப்பு வேண்டாம். சோயா மீட்டின் சுவைத்தூளில் பாதியைப் போட்டு, மீதிக்கு உங்கள் வறுத்த தூளைச் சேர்க்கலாம்.

ஒரே நாளில் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று மாமியார் சொல்லத்தான் செய்வார். வாரத்துக்கு ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பின்பு பழைய அளவே கரிக்கும். கொழுந்து பறித்து வியர்ப்பவர்களுக்குக் கூடுதல் உப்பு வேண்டும் என்ற எண்ணம் உண்டு. அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் தண்ணீரே. சாப்பாட்டில் உள்ள உப்பு போதும். ஆனால் வயிற்றோட்டம் கண்டவருக்குக் கொடுக்கும் ஜீவனிக் கரைசலை உப்பு என்று அஞ்சிக் குறைக்கவோ, கூடுதல் தண்ணீர் கலக்கவோ கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் உணவில் உப்பே சேர்க்கவேண்டாம்.

புதிய காணி சிறிதாக இருந்தாலும் கறிவேப்பிலை ஒன்று, ரம்பை ஒரு பற்றை, பச்சைமிளகாய் நான்கு செடிக்கு இடம் இருக்கும். ரம்பையைக் கழுவிய தண்ணீர் ஓடும் பக்கமாக நடுங்கள். கொஸ்லந்தைப் பக்கம் போன்ற தாழ்ந்த, சூடான இடமென்றால் கிளிரிசீடியாக் கம்பொன்றை ஊன்றி மிளகுக்கொடியைப் படரவிடலாம். காய்க்க மூன்று ஆண்டுகளாவது எடுக்கும். எனவே அதை முதலில் நடுங்கள்.