உதிரிப்பாகங்கள்: எங்கே விலை பார்க்கலாம், எங்கே பார்க்கக் கூடாது?

“நானா, இதைவிடக் கொறஞ்ச விலையில ஒண்டு இல்லையா?”

உதிரிப்பாகக் கடை நடத்தும் என்னிடம் ஒவ்வொரு நாளும் பல தடவை கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2022 மார்ச் ஆரம்பத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி, இரண்டு மாதங்களில் 360 ரூபாவை அண்மித்தது. பாகங்களின் விலையும் அதனுடன் ஏறியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீளத் திறக்கப்பட்டது. இந்த ஐந்து வருடங்களில் எம்மிடமிருந்த வேன், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் பழசாகிவிட்டன. பழைய வாகனத்துக்குப் பாகம் அதிகம் தேவை. கையில் இருக்கும் காசோ குறைவு.

“கடைக்காரன் விலை கூடினதைத்தானே புகழ்வான்” என்று நீங்கள் நினைக்கலாம். உண்மையில் எனது கடையில் மலிவுச் சாமானில்தான் இலாப வீதம் அதிகம். ஆகவே வியாபாரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தக் கூடுதல் விலை எதற்காக அறவிடப்படுகிறது என்பதை விளக்க விரும்புகிறேன்.

முதலில் பெயாரிங்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு பெயாரிங்குகளை மேசையில் வைத்தால் இரண்டும் ஒரே மாதிரிப் பளபளக்கும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. எமது தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். நல்ல பெயாரிங்கின் உள்ளே இருக்கும் குண்டு, உருண்டை வடிவத்திலிருந்து ஒரு மைக்ரோன் கூட விலகாதபடி தீட்டப்படுகிறது. அதற்குரிய உருக்கில் ஏறக்குறைய ஒரு வீதம் காபனும் ஒன்றரை வீதம் குரோமியமும் இருக்கும். அந்த உருக்கைச் சுத்தமாக வார்ப்பதே பெரிய செலவு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு கசடு இருந்தாலும், இலட்சக்கணக்கான தடவை சுழலும்போது அந்த இடத்தில்தான் வெடிப்பு ஆரம்பிக்கும். பிறகு இரைச்சல், ஆட்டம், இறுதியில் சில்லு இறுகி நிற்கும் நிலை.

அடுத்தது பிரேக் பேட். பேடில் உள்ள தூள், நார் போன்றவற்றைப் பிடித்து வைத்திருப்பது ஒரு வகைப் பிசின். கடுகண்ணாவையிலோ ரம்பொடையிலோ ஆட்களை ஏற்றிக்கொண்டு தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி இறங்கும்போது பேட் கடுமையாகச் சூடாகிறது. தரமற்ற பிசின் அந்தச் சூட்டில் சிதைந்து வாயுவை வெளியிடும். பேடுக்கும் தட்டுக்கும் இடையில் அந்த வாயு நிற்க, பிரேக் பிடிமானம் இழக்கும். சாரதி எவ்வளவு பலமாக மிதித்தாலும் வாகனம் நிற்காது. சம தரையில், ஊருக்குள் ஓடும்போது இதே பேட் நன்றாகத்தான் வேலை செய்திருக்கும். அதனால்தான் “போட்டுப் பார்த்தேன், நல்லாத்தான் பிடிக்குது” என்ற பேச்சை நம்ப முடியாது.

பல பேட்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ அச்சிடப்பட்ட குறியீட்டின் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரண சூட்டில் பேடின் உராய்வையும், இரண்டாவது கடும் சூட்டில் அதன் உராய்வையும் குறிக்கும். ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இருந்தால், சூடாகும்போது பிடிமானம் குறையும் என்று அர்த்தம். வாங்கும்போது ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

ஆயுதங்களும் அப்படித்தான். மலிவு ஸ்பெனர் ஒன்றின் உருக்கு மென்மையாக இருந்தால், இறுகிய நட்டில் போட்டுத் திருகும்போது அதன் வாய் விரிந்துவிடும். அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால் முறிந்து கையைக் காயப்படுத்தும். இந்த இரண்டுக்கும் நடுவிலான பக்குவத்தைக் கொடுப்பது உருக்கின் கலவையும், அதைச் சூடாக்கி ஆற்றும் முறையும்தான். “குரோம் வனேடியம்” என்ற எழுத்தை யாரும் பொறித்துவிடலாம். அந்தப் பக்குவத்தைப் பொறிக்க முடியாது. வாய் விரிந்த ஸ்பெனர் நட்டின் மூலைகளை உருட்டிவிடும். பிறகு அதை வெட்டியோ துளையிட்டோதான் எடுக்க வேண்டும். சில நூறு ரூபா மிச்சம் பிடித்த பாஸுக்கு அரை நாள் வேலை போய்விடும்.

இனி ஒரு கணக்கு. விளக்கத்துக்காக நானே எடுத்த இலக்கங்கள் இவை. ஒரு வேனின் கிளச் ரிலீஸ் பெயாரிங் மலிவானது 2,000 ரூபா, தரமானது 6,000 ரூபா என்று வைப்போம். அதை மாற்ற கியர்பொக்ஸை இறக்க வேண்டும். கூலி 12,000 ரூபா. மலிவானது ஒரு வருடமும் தரமானது நான்கு வருடமும் தாங்கினால், நான்கு வருடத்தில் மலிவானதற்கு 56,000 ரூபா போகும். தரமானதற்கு 18,000 ரூபாதான். வாகனம் கராஜில் கிடந்த நாட்களின் வருமான இழப்பை இதில் நான் சேர்க்கவில்லை. அன்றாடம் ஓடி உழைக்கும் ஓட்டோக்காரருக்கு அதுதான் பெரிய நட்டம்.

இதற்காக எல்லாவற்றையும் விலை கூடியதாக வாங்கச் சொல்லவில்லை. மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது பழுதானால் உயிருக்கு ஆபத்தா? பிரேக், ஸ்டியரிங், டயர், சில்லு பெயாரிங் இந்த வகை. இது பழுதானால் இதைவிடப் பெரிய ஒன்று நாசமாகுமா? டைமிங் பெல்ட், ஒயில் ஃபில்டர், தண்ணீர்ப் பம்ப் இந்த வகை. பல என்ஜின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இதை மாற்றுவதற்கான கூலி பாகத்தின் விலையைவிட அதிகமா? கிளச் பாகங்கள் இந்த வகை. மூன்றில் ஒன்றுக்காவது “ஆம்” என்றால் தரத்தைப் பாருங்கள். சீட் கவர், மட்ஃபிளெப், கதவுக் கைபிடி போன்றவற்றில் தாராளமாக விலை பாருங்கள்.

தரம் என்றால் வாகனக் கம்பனியின் பெட்டி மட்டும்தான் என்பதும் இல்லை. டொயோட்டாவுக்குப் பாகம் செய்து கொடுக்கும் டென்ஸோ, ஐசின் போன்ற நிறுவனங்கள் தமது சொந்தப் பெயரிலும் பாகங்களை விற்கின்றன. வாகனக் கம்பனியின் பெட்டியில் வருவதைவிட அவை பெரும்பாலும் விலை குறைவு. நல்ல கடைக்காரர் இதை உங்களுக்குச் சொல்லித் தருவார்.

இங்கேதான் எமது பொறுப்பும் வருகிறது. பஞ்சிகாவத்தை முதல் சிறு நகரங்கள் வரை இந்த வியாபாரத்தில் எமது சமூகத்தவர் கணிசமாக இருக்கிறோம். போலிப் பாகத்தை அசல் பெட்டியில் போட்டு அசல் விலைக்கு விற்பவர்களும் சந்தையில் இருக்கிறார்கள். விலையும் கூடி, தரமும் இல்லாமல் போகும் இந்த மோசடிதான், “எல்லாம் ஒண்டுதான், கொறஞ்சதைத் தாங்க” என்று வாடிக்கையாளரைச் சொல்ல வைக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் எம்மில் பலருக்குத் தெரியும். பெட்டிக்குள் இருக்கும் பாகம் அந்தக் குவியலுக்குள் இருக்கும் தானியத்தைப் போன்றது. மலிவானதை மலிவானது என்று சொல்லி விற்பதில் தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் தவறு.

வாங்குபவர்களுக்கும் சில வார்த்தைகள். பாகத்தின் பெயரையும் தயாரிப்பையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி வியாபாரியின் கடமை. வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தையும் புதிய பாகத்தின் பெட்டியையும் பாஸிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பிள்ளை பாடசாலைக்குப் போகும் வேனின் சாரதியிடம், கடைசியாகப் பிரேக் பேட் எப்போது மாற்றினீர்கள், எதைப் போட்டீர்கள் என்று ஒரு தடவை விசாரியுங்கள். நல்ல பேட் போடுவதற்காக அவர் மாதக் கட்டணத்தில் நூறு ரூபா கூட்டிக் கேட்டால், தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.