அண்ணாந்து செய்யும் வேலை: சீலிங் பெயின்ட்டும் கழுத்துவலியும்

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பதை இப்போது பலர் விடுமுறை நாட்களில் தாங்களே செய்துவிடுகிறார்கள். சுவர் வரைக்கும் பெரிய தொல்லை இல்லை. சீலிங்கை முடித்த மறுநாள் காலையில்தான் கழுத்து திரும்பாது, சட்டை போடக் கை எழும்பாது. 'வேலை செய்து பழக்கமில்லை, அதனால்தான்' என்று தைலம் தேய்த்துக்கொள்வார்கள். பழக்கத்தைவிட, நின்ற விதமும் பிடித்த கருவியும்தான் இதற்குப் பெரிய காரணம்.

கழுத்துக்குள் என்ன நடக்கிறது?

நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நேராக நிற்கும்போது அது முதுகெலும்பின் மேல் சமமாக உட்கார்ந்திருக்கும். அண்ணாந்ததும் கழுத்தெலும்புகளின் பின்பக்க மூட்டுகள் ஒன்றையொன்று நெருக்கும். நரம்புகள் வெளியே வரும் துளைகளும் குறுகும். இளவயதில் இது வெறும் பிடிப்போடு போய்விடும். கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கோ கை மரத்துப்போகும், விரல் நுனிவரை சுரீரென்று இழுக்கும்.

மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகளும் கழுத்தெலும்புகளில் உள்ள துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. அழகு நிலையத்தில் தலையைப் பின்னுக்குச் சாய்த்து முடி அலசிக்கொண்ட பிறகு பக்கவாத அறிகுறிகள் வந்த ஐந்து பேரைப் பற்றி, அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப் 1993-ல் எழுதினார். இது மிக அரிது. சீலிங்கைப் பார்த்தாலே பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கழுத்தை முழுக்கப் பின்னுக்கு மடக்கி, நெடுநேரம் அப்படியே வைத்திருப்பது நல்லதல்ல என்பதற்கு இந்த ஒரு செய்தி போதும்.

இதைவிட அடிக்கடி வருவது தலைசுற்றல். உள்காதில் இருக்கும் நுண்ணிய கால்சியத் துகள்கள் இடம் மாறியிருந்தால், அண்ணாந்த மாத்திரத்தில் அறையே சுழலும். சில விநாடிகள்தான். ஏணி மேல் நிற்பவருக்கு அந்தச் சில விநாடிகளே ஆபத்து.

தோளுக்கும் கதை அதுதான். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது, தோள் மூட்டின் தசைநாண் இரண்டு எலும்புகளுக்கு நடுவே நெருக்கப்படுகிறது. தூக்கிய கை இறங்காமலே இருந்தால் இறுகிய தசைக்குப் போகும் ரத்தம் குறைந்து, தசை சீக்கிரம் களைத்துவிடும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும்கூடச் சற்று அதிகமாகவே ஏறும்.

ஏறாதீர்கள், கம்பை நீட்டுங்கள்

ஒட்டடை அடிக்க யாரும் மேஜை போட்டு ஏறுவதில்லை. நீளக் கம்பை எடுக்கிறோம். பெயின்ட்டுக்கும் அதே வழிதான். பல ரோலர்களின் கைப்பிடி அடியில் கம்பு செருகத் துளை இருக்கும். ஹார்டுவேர் கடைகளில் நீட்டிச் சுருக்கும் கம்பியே கிடைக்கிறது. நம் வீடுகளில் சீலிங் பெரும்பாலும் 10 அடி உயரம். அதற்கு 4 முதல் 6 அடிக் கம்பு போதும், தரையில் நின்றபடியே அடிக்கலாம்.

நிற்கும் இடம்தான் முக்கியம். ரோலருக்கு நேர் கீழே நிற்காதீர்கள். இரண்டு மூன்று அடி தள்ளி, ரோலர் உங்களுக்கு முன்னால் இருக்கும்படி நில்லுங்கள். கழுத்தை மடக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தினாலே பெரும்பகுதி தெரிந்துவிடும், முகத்திலும் சொட்டாது. ஒரு கை இடுப்பருகே, மற்றது நெஞ்சளவில். ஒரு காலை முன்வைத்து, உடலின் எடையைக் காலுக்குக் கால் மாற்றித் தள்ளினால் தோளுக்குப் பாதி வேலை மிச்சம். கம்பு மெல்லியதாக இருந்தால் துணி சுற்றிப் பருமனாக்குங்கள், இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை: கண்ணாடி. பைஃபோகல், புரோகிரசிவ் கண்ணாடிகளில் கிட்டப்பார்வைப் பகுதி கீழே இருக்கிறது. அதன் வழியே சீலிங்கைப் பார்க்க முயல்பவர் தலையை இன்னும் பின்னுக்குச் சாய்க்கிறார். தூரப்பார்வைக்கு மட்டுமான பழைய கண்ணாடி இருந்தால் அன்றைக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

20 லிட்டர் பக்கெட்டைத் தூக்கி நகர்த்தாதீர்கள். எமல்ஷன் தண்ணீரைவிடக் கனம். அந்தப் பக்கெட் 25 கிலோவைத் தாண்டும். சின்ன வாளியில் இரண்டு மூன்று லிட்டராக ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஓரம் காய்ந்துவிடுமே!

'20 நிமிடத்துக்கு ஒரு முறை ஓய்வெடுங்கள்' என்று சொல்வது சுலபம். பெயின்ட் அடிப்பவர் கேட்கமாட்டார். நடுவில் நிறுத்தினால் ஈர ஓரம் காய்ந்து பட்டை பட்டையாகக் கோடு விழும் என்ற பயம் அவருக்கு. அது நியாயமான பயம். தோளைக் கெடுப்பதில் இந்த அவசரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

வழி இருக்கிறது. அறையின் நீளவாக்கில் போகாமல், குறுகிய பக்கத்துக்கு இணையாக மூன்றடிப் பட்டைகளாக அடியுங்கள். இருவர் இருந்தால் ஒருவர் பிரஷ்ஷில் ஓரம் கட்டிங் போட, மற்றவர் ரோலர் ஓட்டலாம். ஒரு பட்டை முடிந்ததும் ஆள் மாறுங்கள், வேலை நிற்காது, ஒரே தோளும் மாட்டாது. வெயில் ஏறுவதற்கு முன், காலையிலேயே தொடங்கினால் பெயின்ட் மெதுவாகக் காயும். மினுமினுப்பில்லாத மேட் பெயின்ட்டில் கோடு அவ்வளவாகத் தெரியாது. உத்தரம் ஓடும் சீலிங் என்றால் அதுவே இயல்பான நிறுத்துமிடம். ஒரே நாளில் மூன்று அறை முடிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் அறை போதும்.

ஏணியும் சுண்ணாம்பும்

கட்டிங்குக்கு ஏறித்தான் ஆக வேண்டும். ஏ வடிவ ஏணியை முழுக்க விரித்து, மேல் இரண்டு படிகளை விட்டுவிட்டு நில்லுங்கள். எட்டி எட்டி அடிக்காமல் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். மேலே இருந்தபடியே ஏணியை நடத்திச் செல்லும் பெயின்டர்களைப் பார்த்துவிட்டு அதை முயல வேண்டாம். அவர்களுக்கும் அது ஆபத்துதான். கட்டில் மேல் ஸ்டூல், நாற்காலி மேல் நாற்காலி கூடவே கூடாது. ஃபேனுக்கான மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிடுங்கள்.

சுண்ணாம்பு அடிப்பவர்கள் கண்ணைச் சுற்றி மூடும் கண்ணாடி அணிய வேண்டும். கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் கருவிழியே வெந்துபோகலாம். கசக்காமல், ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு கண் மருத்துவரிடம் போங்கள். பழைய எனாமல் பூசிய மர உத்தரங்களை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு நம் நாட்டில் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டின் தூசி குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

யார் செய்ய வேண்டாம்?

கழுத்துத் தேய்மானத்தால் கை மரத்துப்போகிறவர்கள், அண்ணாந்தால் தலைசுற்றுகிறவர்கள், இதயநோய் அல்லது கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், தோளில் அறுவை செய்துகொண்டவர்கள் இந்த வேலையை ஆளிடம் விட்டுவிடுங்கள். கூலியை மிச்சப்படுத்தப் போய் மருத்துவச் செலவில் மாட்ட வேண்டாம்.

சாதாரணத் தசைவலி இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கும்; வெந்நீர்க் குளியலும், தோள்களை மெல்லச் சுழற்றுவதும் போதும். ஒரு வாரத்துக்குப் பிறகும் கை எழும்பவில்லை, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் கலைகிறது என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வேலையின்போதே பேச்சு குழறினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, நெஞ்சிலும் இடது தோளிலும் வலியோடு வியர்த்துக் கொட்டினாலோ அதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.